ஐந்து ஏக்கருக்கு ஒரு பழைய டிராக்டர்: பெட்ரோலா, டீசலா?

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சொந்தமாக ஐந்தாறு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், மாடு வளர்ப்பவர்கள், கொய்யாவும் காய்கறியும் போடுபவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். தள்ளுவண்டியில் செம்பனைக் குலை தள்ளி முதுகு போய்விட்டது. புது டிராக்டர் கட்டுப்படியாகாது. சரி, பழையது ஒன்று பார்க்கலாம் என்று இறங்கினால், ஒருவர் "டீசல்தான் வாங்கணும், காலத்துக்கும் உழைக்கும்" என்கிறார். இன்னொருவர் "டீசல் விலை ஏறிப்போச்சு, உங்களுக்கு பெட்ரோலே போதும்" என்கிறார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே உங்கள் நிலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் விலையை, அதாவது பெட்ரோல், டீசல் விலையை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. வண்டி என்ன சுமையை இழுக்கப் போகிறது, எத்தனை நாள் சும்மா நிற்கப் போகிறது, கெட்டுப்போனால் யார் கை வைப்பார்கள் என்ற மூன்றும்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணெய்ச் செலவு அதற்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. ஏன் என்று கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் வேலை. குலை இழுப்பதா, புல் வெட்டுவதா, மண் கிளறுவதா? மண் கிளறுவதும் ஏற்றத்தில் சுமை இழுப்பதும் ஒரு வகை. சமதரையில் புல் வெட்டுவதும் தீவனப்புல் ஏற்றி வருவதும் வேறு வகை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து வண்டி வாங்கியவர்கள்தான் பிறகு விற்க ஆள் தேடுகிறார்கள்.

அடுத்து, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. இரண்டு ஹெக்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர் செம்பனையை எடுத்துக்கொள்வோம். ஓரளவு நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஹெக்டருக்கு வருடம் 18 டன் குலை கிடைக்கும் என்று வைத்தால், மொத்தம் 36 டன். பதினைந்து நாளைக்கு ஒரு வெட்டு என்றால் வருடத்துக்கு 24 சுற்று, ஒரு சுற்றுக்கு ஒன்றரை டன். சுற்றுக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓடினால் 72 மணி. அதோடு புல் வெட்டுவது, உரம் ஏற்றுவது, மட்டை ஒதுக்குவது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 மணி. இந்த 100 மணி என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும். உங்கள் நிலம் பெரிது சிறிது என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் எத்தனை நாள். தினமும் கால் மணி நேரம் ஓடும் வண்டியும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் ஓடும் வண்டியும் ஒரே மாதிரி பழுதாவதில்லை.

நான்காவது, பழுது பார்க்கும் ஆள். ஐந்தாவது, எண்ணெயை எங்கே வாங்கி எப்படிக் கொண்டுவருவது. அப்புறம்தான் விலை. அதிலும் வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், முதல் வருடப் பழுதுச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## நம் பக்கத்துச் சந்தையில் என்ன கிடைக்கிறது

வெளிநாட்டுக்காரர்கள் பெட்ரோல் டிராக்டர், டீசல் டிராக்டர் என்று பேசும்போது ஒரே உருவமுள்ள இரண்டு வண்டிகளை நினைத்துப் பேசுகிறார்கள். நமக்கு அப்படி இல்லை. இங்கே டீசல் என்றால் ஒரு சாதி, பெட்ரோல் என்றால் வேறு சாதி.

டீசல் பக்கம் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து ரிகண்டிஷனாக, அதாவது பழையதைச் சரிசெய்து கொண்டுவருகிற குபோட்டா, யான்மார், இசெக்கி, ஷிபௌரா வண்டிகள். அங்கே நெல் வயலில் உழைத்தவை. பதினைந்து முதல் இருபத்தைந்து குதிரைத்திறன் வரை சிறிய உடம்பு, தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சின், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான பிடிஓ, கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட், பலவற்றில் நான்கு சக்கர இழுவை. செம்பனை வரிசைக்குள் நுழைந்து வர இந்த உடம்பு வசதி.

பெட்ரோல் பக்கம் மூன்று விதம். ஒன்று, உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி. பார்க்க டிராக்டர் போலவே இருக்கும், விற்பவரும் மினி டிராக்டர் என்றே சொல்வார். இரண்டு, ஹோண்டா ஜிஎக்ஸ் மாதிரியான காற்றால் குளிரும் எஞ்சின் பொருத்திய மூன்று சக்கர வண்டியும் மோட்டார் தள்ளுவண்டியும். மூன்றாவது, எப்போதாவது கண்ணில் படும் பழங்கால டிராக்டர். சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20 அந்த வகை. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்தார்கள். முதலில் பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடுவது, 1951-இலிருந்து டீசலும் வந்தது. அழகான வண்டி, ஆசைப்பட்டு வாங்குபவர்கள் வாங்கலாம். குலை இழுத்துப் பிழைக்க வேண்டியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆக, நீங்கள் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்தாலும் உண்மையில் தேர்ந்தெடுப்பது வண்டியின் உடம்பை.

## டீசல்

டீசலின் பெரிய பலம் குறைந்த சுழற்சியிலேயே இழுப்பது. இந்த ஜப்பான் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டித்தான் வேலை செய்கின்றன. காற்றால் குளிரும் பெட்ரோல் எஞ்சின் அதே திறனைக் கொடுக்க 3,600 சுற்று வரை போக வேண்டும். ஒன்றரை டன் குலையை இரண்டு மூன்று நடையாக ட்ரெய்லரில் போட்டு ஏற்றத்தில் வரும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். டீசல் முனகிக்கொண்டே ஏறும். பெட்ரோலோ ஒன்று கத்தும், இல்லையென்றால் அணைந்துவிடும். மெதுவாக ஊர்ந்து போகிற வேலையையும் டீசல் தாங்கும். தோட்டக் கோயில் திருவிழாவில் தேர் இழுக்க டிராக்டர் கேட்டு வருவார்கள். மணிக்கணக்கில் நடை வேகத்தில் போக வேண்டிய வேலை அது. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் தண்ணீரால் குளிரும் டீசலுக்கு அது பெரிய விஷயமில்லை.

அடுத்த பலம், தீப்பொறி கொடுக்கும் அமைப்பே இல்லாதது. ஸ்பார்க் பிளக், காயில், பாயிண்ட் எதுவும் டீசலில் இல்லை. காற்றை 20 மடங்குக்கும் மேல் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிக்கிறது. பேராக்கில் மழை பெய்கிற பெய்ச்சலுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று, நனைந்த பெட்ரோல் எஞ்சினைக் கயிறு இழுத்து இழுத்துக் கை சலித்தவர்களுக்குத் தெரியும்.

ஆள் கிடைப்பதிலும் டீசலுக்குத்தான் சாதகம். சுற்றிலும் தோட்டங்கள், லோரிகள். டீசல் தெரிந்த மெக்கானிக் இல்லாத சிற்றூர் நம் பக்கத்தில் இல்லை. சாதாரணக் கோளாறுகளை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. டீசல் வாங்குபவர்கள் இதைத்தான் கணக்கில் விடுகிறார்கள்.

முதலாவது, டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரும், அதற்கு அழுத்தம் கொடுக்கும் எண்ணெய் பம்பும். மற்ற எல்லாவற்றையும் ஊர் மெக்கானிக் பார்த்துவிடலாம், இவற்றை மட்டும் சோதனைக் கருவி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். நம் பக்கத்துக்கு ஈப்போதான் கைக்கெட்டிய பெரிய இடம். கழற்றி, கொண்டுபோய், காத்திருந்து, மறுபடி பூட்டுவதற்குள் ஒரு வெட்டுச் சுற்று போய்விடும். குலை மரத்திலேயே பழுத்து உதிரும். அந்த நஷ்டத்தையும் பழுதுச் செலவோடு சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, நம் நாட்டு டீசலின் தன்மை. 2019 முதல் தீபகற்ப மலேசியாவின் நிலையங்களில் கிடைக்கும் சாதாரண டீசல் பி10, அதாவது பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்தது. நாம் வெட்டி அனுப்புகிற குலைதான் சுற்றிக்கொண்டு நம் டாங்கிக்கே வருகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் பழைய வண்டிக்கு மூன்று தொல்லை உண்டு. பயோடீசல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். டாங்கியின் அடியில் வருடக்கணக்கில் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஜப்பானில் பெரும்பாலும் பயோடீசல் கலக்காத எண்ணெயில் ஓடிய வண்டி இங்கே வந்து பி10 குடிக்கத் தொடங்கும்போது, முதல் சில மாதம் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருந்தால் எஞ்சின் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டு ஃபில்டர் கையிருப்பில் இருக்கட்டும். ரப்பர் குழாய்களை வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

ஈரம் சேர்ந்தால் தண்ணீர் டாங்கியின் அடியில் நிற்கும். அந்தத் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவில் கிருமி வளர்ந்து, கறுப்புப் பாசி போல் ஃபில்டரை அடைக்கும். பாதி டாங்கியோடு மாதக்கணக்கில் நிற்கும் டீசல் வண்டிக்கு இது எளிதில் வரும். நிறுத்தி வைக்கும்போது டாங்கியை நிரப்பி வைப்பதும், ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுவதும்தான் வழி.

மூன்றாவது, எண்ணெய் முழுக்கத் தீரும்வரை ஓட்டிவிட்டால் குழாய்க்குள் காற்று பிடித்துக்கொள்ளும். ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் வராது. ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். கற்றுக்கொண்டால் அரை மணி வேலை, தெரியாவிட்டால் மெக்கானிக்குக்குக் கூலி. விற்பவரிடமே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பாகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த மாடல்களின் பெயர் இங்குள்ள அதிகாரபூர்வ பட்டியலில் இருக்காது. எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதற்கு கேஸ்கெட்டும் ஃபில்டரும் கிளட்ச் தட்டும் கிடைக்குமா என்று கடையில் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். ஊரில் அதிகம் ஓடுகிற பிராண்டை வாங்குவது, கொஞ்சம் விலை கூடினாலும், நல்லது.

## பெட்ரோல்

பெட்ரோலின் பலம் எளிமையும் எடை குறைவும். மூன்று சக்கர வண்டியின் எஞ்சின் முழுதாகப் போனாலும் நான்கு போல்ட்டைக் கழற்றி வேறொன்றை உட்கார வைத்துவிடலாம். ஜிஎக்ஸ் வகை எஞ்சினைப் பல சீன நிறுவனங்கள் அச்சாகப் பார்த்துச் செய்கின்றன, பாகம் கிடைக்காமல் போகாது. புல் வெட்டும் மிஷின் பழுது பார்க்கும் கடையிலேயே இதையும் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிள் கடைக்காரருக்கும் கார்புரேட்டர் தெரியும். டீசலில் ஒரு எண்ணெய் பம்ப் பழுது எவ்வளவு பணத்தையும் நாளையும் தின்னுமோ, அதற்கு இங்கே ஈடான பயமே இல்லை.

எடை குறைவு ஈர நிலத்தில் பெரிய லாபம். மழைக்குப் பின் செம்பனை வரிசையில் கனமான டிராக்டர் தடம் பதித்து, அடுத்த மழையில் அந்தத் தடம் ஓடையாகி, வேரும் வெளியே தெரியும். சிறிய வண்டி அந்த அளவுக்குப் பாழாக்காது.

பலவீனம் என்றால், நிற்க வைத்தால் கெடும். பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருப்பது. கார்புரேட்டருக்குள் கொஞ்சம் தங்கி, ஆவியாகி, மிச்சம் பிசினாக மாறி, ஊசிமுனைத் துளைகளை அடைத்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் எண்ணெய்க் குழாயை அடைத்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். "எப்போதாவது ஓட்டுவதற்கு பெட்ரோல் போதும்" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். பெட்ரோல் வண்டிக்குத் தினமும் கொஞ்சம் ஓடுவதுதான் நல்லது.

தீ ஆபத்தையும் சொல்ல வேண்டும். டீசலின் ஆவி பற்ற ஏறக்குறைய 60 டிகிரி சூடு வேண்டும். பெட்ரோல் ஆவி நம் வீட்டு வெப்பத்தில் எப்போதுமே பற்றத் தயாராக இருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில், பக்கத்திலேயே விறகடுப்போ சாமி விளக்கோ இருக்கும் இடத்தில் பெட்ரோல் வண்டியையும் பெட்ரோல் கேனையும் வைக்காதீர்கள். வண்டியை நிறுத்தத் தனி இடம் இல்லாதவர்களுக்கு இந்த ஒரு காரணமே டீசல் பக்கம் போகப் போதும்.

உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டியைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். எஞ்சின் மூடியில் இருபது குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் பகுதி புல்வெளியில் தன்னையும் ஓட்டுபவரையும் மட்டும் சுமக்கச் செய்தது. பெல்ட்டும், அலுமினியக் கூட்டுக்குள் அடைத்த, எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் சிறிய ஹைட்ரோஸ்டேடிக் கியரும்தான் அதில் இருக்கின்றன. அதற்குப் பின்னால் குலை ட்ரெய்லரை மாட்டினால் கியருக்குள் உள்ள எண்ணெய் கொதித்து கியர் தேய்ந்துவிடும். மண்ணைக் கிளறவே முடியாது. குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்து இதையும் பதினைந்து குதிரைத்திறன் குபோட்டாவையும் ஒப்பிடாதீர்கள்.

## எண்ணெய்க் கணக்கு

பழைய டிராக்டர்களுக்கு வேளாண் பொறியாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு. ஒரே வேலைக்கு பெட்ரோல் 100 லிட்டர் பிடித்தால் டீசல் 73 லிட்டர் பிடிக்கும். பிடிஓவில் பதினைந்து குதிரைத்திறன் தரும் வண்டி, சராசரி வேலையில், மணிக்கு பெட்ரோல் என்றால் 3.4 லிட்டர், டீசல் என்றால் 2.5 லிட்டர் குடிக்கும்.

நம் 100 மணியைப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் 340 லிட்டர், டீசல் 250 லிட்டர்.

தீபகற்பத்தில் டீசல் 2024 ஜூன் 10-இல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு ஏறியது. அதன் பிறகு சந்தையோடு மாறி மாறி வருகிறது. 3.35 என்று வைத்தால் வருடத்துக்கு 838 வெள்ளி. ரோன்95 பெட்ரோல், பூடி95 என்ற சலுகைத் திட்டம் 2025 செப்டம்பர் 30-இல் தகுதியுள்ள குடிமக்கள் எல்லாருக்கும் வந்தபோது, அவர்களுக்கு 1.99, மற்றவர்களுக்கு 2.60. சலுகை விலையில் 677 வெள்ளி, சலுகை இல்லாமல் 884 வெள்ளி. ஆக இரண்டு பக்கமும் பார்த்தால் நூற்றைம்பது வெள்ளி சொச்சம்தான் வித்தியாசம், அதுவும் ஒரு வருடத்துக்கு. ஒரு பின் டயரோ ஒரு கிளட்ச் வேலையோ வந்தால் அந்த லாபம் பல வருடத்துக்குக் காணாமல் போய்விடும். இதனால்தான் விலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்கிறேன்.

விலை மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு குறுக்கு வழி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பெட்ரோல் விலையை 1.37-ஆல் பெருக்குங்கள். டீசல் விலை அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் டீசல் வண்டி மலிவு, மேலே இருந்தால் பெட்ரோல் மலிவு. 1.99 என்றால் எல்லை 2.73. 2.60 என்றால் எல்லை 3.56.

சலுகை பெட்ரோலை நம்பிக் கணக்குப் போடுவதில் கவனம் வேண்டும். டிராக்டரைப் பெட்ரோல் நிலையத்துக்கு ஓட்டிப் போக முடியாது, ஜெரிகேனில்தான் வாங்க வேண்டும். பெட்ரோலும் டீசலும் 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. கேனில் ஊற்றுவதற்கும் வீட்டில் சேர்த்து வைப்பதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது, பீப்பாய்க் கணக்கில் வைப்பதற்கு உரிமம் வேண்டும். நீங்கள் வழக்கமாகப் போகும் நிலையத்திலும் உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளை அலுவலகத்திலும் கேட்டுவிட்டு வண்டி வாங்குங்கள். கணக்கைச் சலுகை இல்லாத விலையிலேயே போட்டு வையுங்கள்.

டீசல் பக்கத்துக்கு ஒரு சாதகம் சேரலாம். 2024-இல் டீசல் விலை ஏற்றத்தோடு வந்த பூடி மடானி திட்டத்தில், தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி ரொக்கம் அறிவித்தார்கள். நம் ஆட்கள் பலர் மனுவே போடாமல் இருக்கிறார்கள். செம்பனை வாரிய உரிமம் எடுத்து முறையாகக் குலை விற்பவர்கள் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். டிராக்டர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது கேட்க வேண்டிய பணம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| எதைப் பார்ப்பது | ரிகண்டிஷன் டீசல் டிராக்டர் | பெட்ரோல் மூன்று சக்கர வண்டி | பெட்ரோல் புல் வெட்டும் வண்டி |
|---|---|---|---|
| குலை இழுப்பது | நன்றாக இழுக்கும், ஏற்றத்திலும் | சமதரையில், சிறு சுமை | கூடாது |
| மண் கிளறுவது | மண் கிளறும் ரோட்டவேட்டர் போடலாம் | முடியாது | முடியாது |
| புல் வெட்டுவது | ஸ்லேஷர் (புல் வெட்டும் கருவி) மாட்டினால், முரட்டுப் புல்லும் | முடியாது | திடல், கோயில் வளாகம் |
| வாங்கும் விலை | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| பயப்பட வேண்டிய பழுது | எண்ணெய் பம்ப், இன்ஜெக்டர் | செயின், கிளட்ச் | ஹைட்ரோஸ்டேடிக் கியர் |
| சும்மா நிற்பது | டாங்கி நிரம்பியிருந்தால் தாங்கும் | கார்புரேட்டர் அடைக்கும் | கார்புரேட்டர் அடைக்கும் |
| ஈர நிலம் | தடம் பதியும் | பாதிப்பு குறைவு | சறுக்கும் |
| திரும்ப விற்பது | எளிது | எளிது | ஆள் தேட வேண்டும் |

## யாருக்கு எது

ஐந்து ஏக்கருக்கு மேல் செம்பனை, அல்லது அதைவிடக் குறைவாக இருந்தாலும் மேடு பள்ளமான நிலம் என்றால், டீசல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காய்கறிப் பாத்தி போட மண் கிளற வேண்டியவர்களுக்கும் அதுதான்.

இரண்டு மூன்று ஏக்கர், சமதரை, குலையைச் சாலையோரம் வரைக்கும் கொண்டுவந்தால் போதும், அங்கிருந்து குலை வாங்கும் ரேம்ப்காரரின் லோரி எடுத்துக்கொள்ளும் என்றால், மூன்று சக்கர பெட்ரோல் வண்டி போதும். இவர்கள் டிராக்டர் வாங்கினால் வண்டி பாதி நாள் கொட்டகையில் நிற்கும், பணம் முடங்கும்.

மாடு வைத்திருப்பவர்கள் தினமும் நேப்பியர் புல் ஏற்றி வருகிறார்கள். சிறு சுமை, சிறு தூரம், ஆனால் ஒவ்வொரு நாளும். சூடேறுவதற்குள் அணைக்கப்படும் டீசலுக்கு இந்த மாதிரி ஓட்டம் ஒத்துக்கொள்ளாது, கரி பிடிக்கும். பெட்ரோல் இங்கே சரியாகப் பொருந்தும். தினமும் ஓடுவதால் எண்ணெய் கெட்டுப்போகும் பேச்சும் இல்லை.

கோயில் வளாகம், பள்ளித் திடல் என்று புல் வெட்டும் குத்தகை எடுப்பவர்களுக்கு மட்டும் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி.

அண்ணன் தம்பி, பக்கத்து நிலத்துக்காரர் என்று இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் டீசலே வாங்குங்கள். மூன்று நிலத்தின் மணி நேரமும் சேர்ந்தால்தான் அதன் விலைக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் எஞ்சின் எண்ணெய் மாற்றுவதும் ஃபில்டர் மாற்றுவதும் ஒருவருடைய பொறுப்பு என்று பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாருடைய வண்டி என்றால் யாரும் எண்ணெய் அளவு பார்ப்பதில்லை.

சபா, சரவாக்கில் உறவினர்கள் கேட்டால் கணக்கு இன்னும் எளிது. 2024-இல் இங்கே விலை ஏறியபோதும் அங்கே டீசல் 2.15-லேயே வைக்கப்பட்டது. அந்த விலையில் 100 மணிக்கு 538 வெள்ளிதான் வரும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. நல்ல நிலையில் உள்ள "தவறான" வண்டியும், உடைந்து நிற்கும் "சரியான" வண்டியும் ஒரே விலையில் கிடைத்தால் நல்ல நிலையில் உள்ளதை எடுங்கள். புல் வெட்டும் வண்டியில் குலை இழுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

## பார்க்கப் போகும்போது

டீசல் என்றால் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். வருவதாகச் சொல்லிவிட்டு, "ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்றும் சொல்லுங்கள். போனவுடன் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்நாட்டில் டீசல் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கைக் குறை சொல்வார்கள். நம் காலை வெப்பத்துக்கு ஆரோக்கியமான எஞ்சின் அதன் உதவி அதிகம் இல்லாமலேயே சில நொடியில் பிடிக்க வேண்டும். நீளமாகச் சுற்றிச் சுற்றிப் பிடித்தால் அழுத்தம் குறைந்துவிட்டது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது குழாயில் காற்று புகுகிறது. முதல் இரண்டும் பணம்.

பிடித்த பிறகு புகையைப் பாருங்கள். சுமை கொடுக்கும்போது கொஞ்சம் கறுப்பு இருக்கலாம். சூடான பிறகும் நீலம் வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது திறந்து வைத்தால் குமிழியும் வந்தால், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சினின் மூச்சுக் குழாயில் புகை தள்ளித் தள்ளி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மணி காட்டும் மீட்டரை நம்பாதீர்கள். பெடல் தேய்மானமும் ஸ்டீயரிங் ஆட்டமும் பிடிஓ தண்டின் பல்லும் வண்டி எவ்வளவு உழைத்தது என்று காட்டிவிடும். ஹைட்ராலிக்கில் கனமான ஒன்றைத் தூக்கிவிட்டு எஞ்சினை அணையுங்கள். உடனே இறங்கிவிட்டால் உள்ளே கசிவு. நான்கு சக்கர இழுவை என்றால் முன் அச்சில் எண்ணெய்க் கசிவும், சேஸில் வெல்டிங் தழும்பும் பாருங்கள்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பாதி கதை தெரிந்துவிடும். காப்பிப் பொடி நிறம் நல்லது. ஈரக் கறுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய் ஏறுகிறது. டாங்கிக்குள் டார்ச் அடித்துத் துருப் பாருங்கள். சும்மா ஓடும்போது எஞ்சின் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பாடினால் கார்புரேட்டர் அடைப்பு. அது சின்ன வேலை, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். புல் வெட்டும் வண்டி என்றால் அரை மணி ஓட்டிச் சூடாக்கிய பிறகு சரிவில் ஏற்றிப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ஏறி, சூடானதும் ஏறாவிட்டால் கியர் முடிந்தது.

இரண்டுக்கும் பொதுவானது பாதுகாப்பு. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கிடையாது. சிறிய டிராக்டரில் உயிர் போவது அதிகமும் வண்டி கவிழ்ந்துதான். சரிவான நிலத்தில் ஓட்டுவதாக இருந்தால் அந்தச் சட்டகத்தைப் பொருத்தும் செலவையும் இருக்கைப் பட்டையையும் வண்டி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிஓ தண்டின் மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள், பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைக்காதீர்கள்.

நிலத்துக்குப் போகும் வழியில் பொதுச் சாலையைத் தொட வேண்டியிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு, சாலை வரி, காப்புறுதி எல்லாம் வேண்டும். ரிகண்டிஷன் வண்டியைக் கெரான், அதாவது உரிமைப் பத்திரம் இல்லாமலேயே விற்பவர்கள் உண்டு. தோட்டத்துக்குள்ளேயே ஓடுவதற்கு அப்படிப்பட்ட வண்டி போதும் என்று நீங்கள் முடிவு செய்தாலும், வாங்கிய ரசீதில் எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். முதல் வாரத்திலேயே எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், எல்லா ஃபில்டரும், ரப்பர் குழாய், ஃபேன் பெல்ட், பேட்டரி என்று அந்தப் பங்குக்குச் செலவு வந்துவிடும். விற்பவர் நேற்றுதான் மாற்றினேன் என்றாலும் எண்ணெயையும் ஃபில்டரையும் நீங்களே மாற்றுங்கள். அப்போதுதான் அடுத்த மாற்றம் எப்போது என்று எண்ணத் தொடங்க ஒரு தேதி உங்கள் கையில் இருக்கும்.